எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பு: முதல் தேதியிலிருந்து கடைசி வரி வரை

கலைக்களஞ்சியத்துக்கோ சிறப்பிதழுக்கோ மொழிபெயர்ப்பு நூலின் முன்பகுதிக்கோ ஒரு கவிஞரைப் பற்றி எழுதித் தரச் சொன்னால், பலரும் முதல் வாக்கியத்தில் பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றையும் போட்டுவிட்டு வேகமாக நகர்ந்துவிடுவார்கள். தவறுகளில் பாதி அந்த முதல் வாக்கியத்திலேயே நடந்து முடிந்திருக்கும். தேதி எந்த நாட்காட்டிப்படி? ஊர் அப்போது யார் ஆட்சியில் இருந்தது? பெயர் பெற்றோர் வைத்ததா, அவரே வைத்துக்கொண்டதா? அடுத்து நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டு வரும். எழுதிய ஆண்டா, அச்சான ஆண்டா, மேடையேறிய ஆண்டா என்று கேட்டால் பதில் இருக்காது.

இங்கே சொல்லப்படும் முறை 800 முதல் 1,200 சொல் வரையிலான குறிப்புக்கானது. வேலையில் முக்கால் பங்கு தேதிகளோடு மல்லுக்கட்டுவதுதான். எழுதுவது மீதிக் கால் பங்கு.

முதலில் அட்டவணை

கணினியில் ஒரு விரிதாளையோ கோடு போட்ட நோட்டையோ எடுத்துக்கொண்டு ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, நிகழ்ச்சி, இடம், சான்று, உறுதி. ஆயிரம் சொல் குறிப்புக்கு 40 முதல் 60 வரிசை சேர வேண்டும். இருபதுக்குள் நின்றால் உங்களிடம் சரக்கு போதவில்லை. நூறைத் தாண்டினால் பாதி குறிப்புக்குள் வராது, ஆனாலும் எதையும் அழிக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு வரிசை என்று வைக்காதீர்கள், நிகழ்ச்சிக்கு ஒன்று. ‘1857: நாவல் வெளியானது, வழக்கு நடந்தது’ என்று ஒரே வரிசையில் அடைத்தால் எது முந்தியது என்பது தொலைந்துபோகும். ஃபிளாபெரின் ‘மேடம் பொவாரி’ விஷயத்தில் இதுவே நடக்கிறது. நாவல் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதழில் தொடராக வந்தது. வழக்கு 1857 ஜனவரியில் நடந்து, பிப்ரவரியில் அவர் விடுதலையானார். நூல் ஏப்ரலில்தான் வந்தது. 1857 என்று மட்டும் எழுதிவைத்தவர் ‘நூல் வெளியானதும் வழக்குத் தொடர்ந்தார்கள்’ என்று முடித்துவிடுவார். மூன்று வரிசையாகப் போட்டிருந்தால் அந்தத் தவறு வர வழியே இல்லை.

‘உறுதி’ பத்திக்கு மூன்று குறி போதும். அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் இருந்தால் ‘உ’. பின்னால் வந்த நம்பகமான நூல் மட்டும் சொன்னால் ‘பி’. ஆதாரம் கேள்விக்குரியதாக இருந்தாலோ ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ ‘கே’. ‘கே’ போட்ட எதுவும் குறிப்புக்குள் தயக்கச் சொல் இல்லாமல் நுழையக் கூடாது.

பிறந்த நாளும் இறந்த நாளும்

ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 23-ல் பிறந்தார் என்று எங்கும் படிக்கலாம். ஆவணம் சொல்வது ஏப்ரல் 26-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நடந்தது என்பதை மட்டுமே. 23 என்பது ஊகம். அவர் இறந்தது 1616 ஏப்ரல் 23 என்பதால் இரண்டும் ஒரே நாளாக அமைவது பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. பழைய ஐரோப்பிய எழுத்தாளர்கள் பலருக்கும் கையில் இருப்பது திருமுழுக்குத் தேதிதான். அப்படியானால் அப்படியே எழுதுங்கள்: ‘1547 அக்டோபர் 9-ல் திருமுழுக்குப் பெற்ற செர்வாந்தேஸ்’. பிறந்த தேதியாக மாற்றிவிடாதீர்கள்.

இந்த இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது இன்னொரு பிரபலமான தவறு. செர்வாந்தேஸ் 1616 ஏப்ரல் 22-ல் இறந்து 23-ல் அடக்கம் செய்யப்பட்டார். போதாததற்கு, ஸ்பெயின் 1582-லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3.

நாட்காட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்வது நல்லது. பழைய ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டியது: 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அங்கிருந்து 1800 பிப்ரவரி வரை 11, அங்கிருந்து 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. ரஷ்யா 1918 பிப்ரவரியில் மாறியது. எனவே புஷ்கின் பிறந்தது 1799 மே 26, புதிய கணக்கில் ஜூன் 6 (11 நாள்). இறந்தது 1837 ஜனவரி 29, புதிய கணக்கில் பிப்ரவரி 10 (12 நாள்). ஒரே மனிதருக்கு இரண்டு வேறு கூட்டல்! இதைவிட மோசம், ஒரு தேதியைப் பழைய கணக்கிலும் அடுத்ததைப் புதிய கணக்கிலும் எடுப்பது. அவர் காயம்பட்ட துப்பாக்கிச் சண்டை ஜனவரி 27, மரணம் பிப்ரவரி 10 என்று எழுதினால் புஷ்கின் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்ததாக ஆகும். உண்மையில் கிடந்தது இரண்டு நாள். ஒரு குறிப்புக்கு ஒரு நாட்காட்டி என்று முடிவெடுங்கள். பிறப்பு, இறப்பு இரண்டுக்கு மட்டும் மற்றதை அடைப்புக்குறியில் கொடுத்தால் போதும். எழுத்தாளர் எல்லை தாண்டியவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். செகாவ் ஜெர்மனியின் பாடன்வைலரில் 1904 ஜூலை 15-ல் இறந்தார், அன்று ரஷ்யாவில் ஜூலை 2.

இங்கிலாந்துக்கு இன்னொரு பொறி உண்டு. 1752-க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. ஆவணத்தில் ‘1640 பிப்ரவரி’ என்று இருந்தால் நம் கணக்கில் அது 1641. கிழக்காசியாவில் வேறொன்று. பிறந்தவுடன் வயது ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். பழைய சீன, ஜப்பானிய, கொரிய ஆவணங்களில் ‘65 வயதில்’ என்றிருந்தால் நம் கணக்கில் 63 அல்லது 64. ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறியது 1873-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களின் மாதமும் நாளும் சந்திரக் கணக்கில் இருக்கும். தாகூரின் பிறந்த நாளை 25 வைசாகம் என்று வங்க நாட்காட்டிப்படி கொண்டாடுவதால், ஆவணத் தேதியான 1861 மே 7-க்கும் விழா நடக்கும் நாளுக்கும் ஓரிரு நாள் வேறுபாடு வருகிறது. விழா நாளைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுதுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

நள்ளிரவு மரணங்கள் தனி வகை. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11-ன் இரவு, நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்கில் அது 12, பொழுது விடியும்வரை அதே நாள் என்று எண்ணுகிறவர்களுக்கு 11. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தேதியை மட்டும் போட்டு மற்றவரைத் திட்டாமல், ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதினால் சண்டை முடிந்தது.

சில சமயம் எழுத்தாளரே பொய் சொல்லியிருப்பார். அமெரிக்க எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1891-ல் பிறந்தவர். இலவசப் பள்ளிக் கல்விக்குத் தகுதி பெற 1901 என்று குறைத்துச் சொன்னார், கடைசிவரை அதை அவர் திருத்தவில்லை. நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 25 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியில் கலந்துகொள்ள 1911-ஐ 1914 ஆக்கினார். ஆகவே அந்தந்தக் காலப் பேட்டியில் அவரே சொன்ன வயது என்பது ‘பி’ தரம்தான். மக்கள்தொகைக் கணக்கேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இரண்டும் அதற்கு மேல்.

அரசு ஆவணம் என்றாலே உண்மை என்றும் நினைக்க வேண்டாம். சோவியத் எழுத்தாளர் ஐசக் பாபேல் 1940 ஜனவரி 27-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பத்துக்குச் சோவியத் அரசு கொடுத்த சான்றிதழில் 1941 மார்ச் 17 என்றிருந்தது. பழைய கலைக்களஞ்சியங்களில் அந்தத் தேதியையே இன்றும் காணலாம். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் உடலே கிடைக்கவில்லை. 1936 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின், கிரனடாவுக்கு அருகே என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்லப் போனால் கட்சி பிரிகிறது.

தேதியே இல்லாத பழங்கவிஞர்களுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு கோடு போடுங்கள். காளிதாசரின் ஒரு நாடகத்துக்குக் கதாநாயகன் அக்கினிமித்திரன். அவன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் சுங்க அரசன், அதனால் கவிஞர் அவனுக்கு முந்தியவராக இருக்க முடியாது. கி.பி. 634-ஐச் சேர்ந்த ஐகொளெ கல்வெட்டு காளிதாசரின் பெயரைச் சொல்கிறது, அதனால் அதற்குப் பிந்தியவராகவும் இருக்க முடியாது. இந்த இரண்டும் ‘உ’. பெரும்பாலான அறிஞர்கள் சொல்லும் 4-5 நூற்றாண்டு என்பது ‘பி’. குறிப்பில் எது எந்த வகை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

பெயரில் என்ன சிக்கல்

நட்சுமே சொசெகியை இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘நட்சுமே’ என்று எழுதினால் ஜப்பானிய வாசகர் புருவம் உயர்த்துவார். நட்சுமே குடும்பப் பெயர், சொசெகி புனைபெயர். புனைபெயர் கொண்ட அந்தக் கால எழுத்தாளரை அந்தப் பெயராலேயே அழைப்பது அங்கே வழக்கம். ஹங்கேரியிலும் குடும்பப் பெயர்தான் முன்னால். அவர்கள் எழுதுவது கெர்தேஸ் இம்ரே, ஆங்கிலத்தில் திருப்பி இம்ரே கெர்தேஸ். ஸ்பானிய மொழியில் இரண்டு குடும்பப் பெயர். ‘மார்க்கேஸ்’ என்பது தாய்வழிப் பெயர், எனவே அகரவரிசையில் அவர் ‘கார்சியா மார்க்கேஸ்’ என்று ‘க’வில் வர வேண்டும். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தை பெயர்தான் ஒட்டும். தொலைபேசிப் பட்டியல்கூட முதல் பெயர் வரிசையில் இருக்கும். முதலெழுத்து வைத்துக்கொள்ளும் நமக்கு இது புரியச் சிரமம் இருக்கக் கூடாது. நம் எழுத்தாளர்களையும் வெளிநாட்டு நூலகங்கள் அப்பா பெயரில் அடுக்கிவைத்திருக்கின்றன.

பாரசீக, உருது கவிஞர்களுக்குத் தக்கல்லுஸ் என்ற கவிப்பெயர் உண்டு. கஸல் என்ற கவிதை வடிவத்தின் கடைசி ஈரடியில் அதைப் பொதிந்து கையெழுத்திடுவார்கள். மிர்சா அசதுல்லா கான், ‘அசத்’, ‘காலிப்’ இரண்டையும் பயன்படுத்தினார். ‘அசத்’ என்று முடியும் கஸலை வேறொருவருடையது என்று ஒதுக்குவதும், வேறொரு அசதின் கவிதையைக் காலிப்பின் கணக்கில் சேர்ப்பதும் நடக்கும். அரபுப் பெயர்களில் அபூ நுவாஸ், அல்-முதனப்பி போன்றவை பட்டப்பெயர்கள். ஜப்பானிய எழுத்தாளர் முரசாகி ஷிகிபுவின் இயற்பெயரே யாருக்கும் தெரியாது. ஷிகிபு என்பது தந்தை வகித்த பதவியிலிருந்தும், முரசாகி என்பது அவர் எழுதிய கதையின் பாத்திரத்திலிருந்தும் வந்தவை.

எந்தப் பெயரை எப்போது எழுதுவது? பிறப்பிலிருந்து புனைபெயர் வந்த நாள்வரை இயற்பெயர், அதன் பின் புனைபெயர். சீன எழுத்தாளர் லூ சுன் அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியது 1918-ல். ‘1904-ல் லூ சுன் செண்டாய் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்’ என்று எழுதிவிட்டு அந்தக் கல்லூரிப் பதிவேட்டில் தேடினால் அவர் கிடைக்க மாட்டார். அங்கே இருப்பவர் சௌ ஷுரென். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் முதல் நாவல்கள் ‘ஜேம்ஸ் கூகி’ என்ற பெயரில் வந்தவை. நூலகப் பட்டியலில் இரண்டு பெயரிலும் தேடாதவருக்குப் பாதி நூல்கள்தான் அகப்படும்.

போர்ச்சுகீசியக் கவிஞர் பெர்னாண்டோ பெசோவாவிடம் போனால் முறையே உடைகிறது. அல்பெர்ட்டோ கையெய்ரோ, ரிக்கார்டோ ரெய்ஸ், ஆல்வரோ டி காம்போஸ் என்று அவர் படைத்த கவிஞர்களுக்குப் பிறந்த ஆண்டு, தொழில், எழுத்து நடை எல்லாம் தனித்தனி. கையெய்ரோவை 1915-ல் சாகடித்தும்விட்டார். இவற்றுக்கு அட்டவணையில் தனித் தாள் போடுங்கள். பெசோவாவின் தாளில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒலிபெயர்ப்புக்கு ஒரே விதி: மூலமொழி உச்சரிப்பைக் கேட்டு எழுதுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதாதீர்கள். ஆனால் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிய வடிவம் இருந்தால் அதை மாற்றிப் புலமை காட்ட வேண்டாம். டால்ஸ்டாய் டால்ஸ்டாயாகவே இருக்கட்டும்.

ஒரு படைப்புக்கு எத்தனை தேதி

வாழ்க்கையைவிட இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். நாடகத்துக்குக் குறைந்தது நான்கு வரிசை வேண்டும்: எழுதியது, அச்சானது, மேடையேறியது, வேறு மொழிக்குப் போனது. பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ தெளிவான உதாரணம். 1948 அக்டோபரில் தொடங்கி 1949 ஜனவரியில் பிரெஞ்சில் எழுதி முடித்தார். 1952-ல் நூல். 1953 ஜனவரி 5-ல் பாரிஸ் பாபிலோன் அரங்கில் முதல் காட்சி. ஆங்கில வடிவம் அவரே செய்து 1954-ல் அச்சானது. நான்கு ஆண்டும் சரியானவை. எது எதற்கு என்று சொல்லாமல் போட்டால் நான்கும் தவறு.

அச்சு முந்துமா, மேடை முந்துமா என்பது நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். ஷேக்ஸ்பியர் காலத்தில் மேடைதான் முதல். அவர் இறந்து ஏழாண்டு கழித்து 1623-ல் வந்த பெருந்தொகுப்பில் 36 நாடகங்கள், அவற்றில் ஏறத்தாழ பாதி அதுவரை அச்சையே காணாதவை. நார்வே நாடகாசிரியர் இப்சனுக்கு நேர்மாறு. ‘பொம்மை வீடு’ 1879 டிசம்பர் 4-ல் புத்தகமாக வந்து, 21-ல் கோபன்ஹேகனில் மேடையேறியது. ‘ஆவிகள்’ 1881-ல் அச்சானாலும் ஐரோப்பிய அரங்குகள் தொட மறுத்தன, முதல் காட்சி 1882 மே மாதம் சிகாகோவில் நடந்தது. ‘நார்வே நாடகம், ஆகவே முதல் காட்சி நார்வேயில்’ என்று யோசிக்காமல் எழுதுகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஒரே தலைப்பில் வேறுபட்ட வடிவங்கள் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். ‘பொம்மை வீடு’க்கு ஜெர்மன் மேடைக்காக, நாயகி நோரா வீட்டை விட்டுப் போகாத முடிவு ஒன்றை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார், வேறு யாராவது இன்னும் மோசமாக எழுதிவிடுவார்களே என்ற பயத்தில். ‘ஹாம்லெட்’டுக்கு 1603, 1604-05, 1623 என மூன்று பாட வடிவங்கள், மூன்றும் ஒன்றுபோல் இல்லை. தாகூரின் ‘கீதாஞ்சலி’ வங்காளத்தில் 1910, ஆங்கிலத்தில் 1912. இரண்டாவதை முதலாவதன் மொழிபெயர்ப்பு என்று எழுதுவது பெரிய பிழை. வங்காள நூலில் 157 பாடல், ஆங்கில நூலில் 103. அந்த 103-ல் ஏறத்தாழ பாதிதான் வங்காள ‘கீதாஞ்சலி’யிலிருந்து எடுத்தவை, மீதி அவருடைய வேறு தொகுப்புகளிலிருந்து வந்தவை. 1913 நோபல் பரிசுக் குழு படித்தது எந்த நூல் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இறந்த பிறகு வெளியானவற்றுக்கு இரண்டு தேதியும் கட்டாயம், நடுவில் கை வைத்தவரின் பெயரும் கட்டாயம். காஃப்கா ‘விசாரணை’யை எழுதியது 1914-15. நண்பர் மாக்ஸ் பிராடு அத்தியாயங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது 1925, காஃப்கா இறந்த மறு ஆண்டு. அந்த அத்தியாய வரிசை பிராடுடையது. எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார், வாழ்நாளில் அச்சானவை பத்தை ஒட்டி. 1890-ல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய கோடுகளையும் எதுகைகளையும் ‘திருத்தி’ விட்டார்கள். எழுதியபடியே முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று. ஆகவே 1955-க்கு முந்தைய பதிப்பிலிருந்து மேற்கோள் எடுத்துவிட்டு ‘டிக்கின்சனின் நிறுத்தக்குறிகள்’ பற்றிப் பேசினால் யாருடைய நிறுத்தக்குறி என்று கேட்பார்கள். ரஷ்யக் கவிஞர் அக்மதோவாவின் ‘இரங்கற்பா’ பெரும்பகுதி 1935-40ல் உருவாகி, தாளில் வைத்திருக்க அஞ்சி நண்பர்களின் நினைவில் பத்திரப்படுத்தப்பட்டது. மியூனிக்கில் 1963-ல் அச்சானது, சோவியத் நாட்டில் 1987-ல்.

ஜெர்மன் நாடகாசிரியர் பியூஷ்னரின் ‘வொய்ட்செக்’ இந்த வகையில் உச்சம். 1837-ல் 23 வயதில் அவர் இறந்தபோது நாடகம் முடியாத கையெழுத்துத் தாள்களாகக் கிடந்தது. 1879-ல் பதிப்பித்தவர் மங்கிய எழுத்தைத் தவறாகப் படித்து ‘வொட்செக்’ என்று அச்சிட்டார். மேடை ஏறியது 1913-ல். அதை வைத்து அல்பான் பெர்க் அமைத்த இசை நாடகம் இன்றும் அந்தத் தவறான பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு, ஒரு நூலை இரண்டாக எண்ணுவது. காம்யுவின் 1942 நாவல் ஒரே மொழிபெயர்ப்பாளர் கையால் 1946-ல் பிரிட்டனில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறொரு தலைப்பிலும் வந்தது. பட்டியலில் இரண்டு நாவலாகப் போட்டவர்கள் உண்டு. தமிழில் ‘அந்நியன்’ என்ற பெயரில் பிரெஞ்சிலிருந்து நேராக வந்திருக்கிறது. நேரடி மொழிபெயர்ப்பா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதை எப்போதும் குறியுங்கள், மொழிபெயர்த்தவர் பெயரோடு.

கூட்டாகச் செய்தவற்றில் மற்றவரை விழுங்கிவிடக் கூடாது. 1928-ல் மேடையேறிய ‘மூன்று காசு இசை நாடகம்’ பிரெக்டின் பெயரில் வழங்குகிறது. இசை குர்ட் வைல், மூல ஆங்கில நாடகத்தை ஜெர்மனில் பெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹவுப்ட்மன். ஒரு அரைவரி கூட்டினால் நியாயம் நடந்துவிடும்.

ஊர், நாடு, மொழி

பிறந்தபோது இருந்த பெயரையும் ஆட்சியையும் எழுதி, இன்றைய பெயரை அடைப்பில் கொடுங்கள். பால் செலான் 1920-ல் பிறந்த செர்னோவிட்ஸ் அப்போது ருமேனியாவில், இப்போது உக்ரைனில். எழுதியது ஜெர்மன், வாழ்ந்தது பாரிஸ். ‘ருமேனியக் கவிஞர்’, ‘உக்ரைனியக் கவிஞர்’ இரண்டும் வாசகரைத் தவறான அலமாரிக்கு அனுப்பும். ‘ஜெர்மன் மொழிக் கவிஞர்’ என்று மொழியை முன்வைத்தால் சிக்கல் குறைகிறது. ‘பீட்டர்ஸ்பர்க்’ என்று எழுதும் முன் ஆண்டைப் பாருங்கள். 1914 முதல் 1924 வரை அது பெட்ரோகிராட், பின் 1991 வரை லெனின்கிராட். பிரிவினையில் நாடு மாறிய மன்டோ போன்றவர்களுக்கு நாட்டுப் பெயர் ஒட்டுவதைவிட, பிறந்த இடம் (1912, சம்ராலா), இறந்த இடம் (1955, லாகூர்), மொழி (உருது) என்று மூன்றையும் வைத்துவிட்டு விலகிக்கொள்வது மேல்.

எதை நம்புவது

அன்றே எழுதிய கடிதமும் நாட்குறிப்பும் முதலில். பிறகு அந்தக் கால நாளிதழ், பதிவேடு. அதற்கும் பிறகு, முப்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவுக் குறிப்பு. பின்னட்டை வாசகம் கடைசி, அது விற்பனைக்காக எழுதியது. காஃப்கா ‘தீர்ப்பு’ கதையை 1912 செப்டம்பர் 22 இரவு உட்கார்ந்து மறுநாள் காலை வரை ஒரே மூச்சில் எழுதினார் என்பது கதைபோல இருந்தாலும் நம்பலாம், ஏனென்றால் அவருடைய நாட்குறிப்பில் உடனே பதிவாகியிருக்கிறது.

பத்து இணையப் பக்கம் ஒரே தகவலைச் சொன்னால் பத்து சான்று என்று எண்ணாதீர்கள். எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடரோ ஒரே எழுத்துப்பிழையோ இருந்தால் அது ஒரே சான்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூலம் கிடைக்கும்வரை ‘கே’யை எடுக்க வேண்டாம்.

நாவலிலிருந்து வாழ்க்கையை எடுப்பதும் வேண்டாம். கதாநாயகனின் அப்பா குடிகாரர் என்பதால் எழுத்தாளரின் அப்பாவும் குடிகாரர் ஆகிவிட மாட்டார்.

கட்டுக்கதைகளை என்ன செய்வது? கழுகு போட்ட ஆமை தலையில் விழுந்து ஈஸ்கிலஸ் செத்தார், நிலவின் நிழலைத் தழுவப்போய்ச் சீனக் கவிஞர் லி பாய் மூழ்கினார், சலாமிஸ் போரன்று ஈஸ்கிலஸ் போரிட்டார், சோபக்ளிஸ் வெற்றி நடனம் ஆடினார், யூரிபிடிஸ் பிறந்தார். கிரேக்க நாடகாசிரியர் மூவரையும் ஒரே நாளில் கோத்திருப்பதே இதை யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தார்கள் என்பதற்கு அடையாளம். இவற்றை ஒரு வாக்கியத்தில், ‘என்று கதை வழங்குகிறது’ என்ற முத்திரையோடு சேர்க்கலாம், மரணக் காரணமாக எழுதக் கூடாது. பாரதியை யானை கொன்றது என்ற பேச்சும் இப்படியே. யானை தள்ளியது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு அவர் தேறி எழுந்து ஈரோட்டில் போய்ச் சொற்பொழிவாற்றியிருக்கிறார். இறந்தது வயிற்றுக் கடுப்பு நோயால். இரண்டு நிகழ்ச்சியையும் தனித்தனி வரிசையில் தேதியோடு போட்டுப் பாருங்கள், கதை தானாக உதிர்ந்துவிடும்.

விருது

நோபல் பொதுவாக ஒட்டுமொத்த எழுத்துக்கு, புக்கர் ஒரு நூலுக்கு. ‘இந்த நாவலுக்காக நோபல் பெற்றார்’ என்று எழுதும் முன் பரிசு வாசகத்தைப் பாருங்கள். ஒரு நூலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை சிலவே, 1929-ல் தாமஸ் மன்னுக்குக் கொடுத்தது அவற்றில் ஒன்று. பரிசின் ஆண்டும் கொடுத்த ஆண்டும் மாறலாம்: ஃபாக்னரின் 1949 பரிசு அறிவிக்கப்பட்டது 1950-ல், டோகார்சுக்கின் 2018 பரிசு 2019-ல். சார்த்தர் 1964-ல் தானாக மறுத்தார். பாஸ்டர்நாக் 1958-ல் ஏற்பதாகத் தந்தி அடித்துவிட்டு, அழுத்தத்தால் மறுக்க வேண்டி வந்தது. இருவருக்கும் ‘மறுத்தார்’ என்று ஒரே சொல் பொருந்தாது. ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்ற வரியைக் கண்டால் உஷாராகுங்கள். பரிந்துரைப் பட்டியல் 50 ஆண்டு ரகசியம், அதற்குள் அப்படிச் சொல்பவரால் நிரூபிக்க முடியாது.

எழுத உட்காரும்போது

ஆயிரம் சொல்லைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகம் 60, குடும்பமும் படிப்பும் 130, பிழைப்பு 100, படைப்புகள் 480, அவை எப்படி வரவேற்கப்பட்டன 130, கடைசி ஆண்டுகள் 100. படைப்புக்குப் பாதி இடம் தராத குறிப்பில் எழுத்தாளர் இருக்க மாட்டார், ஒரு நோயாளியோ காதலரோ கைதியோதான் இருப்பார்.

‘பிழைப்பு’ என்பதைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு, பெரும்பாலான குறிப்புகளில் அது காணாமல் போகிறது. காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார், அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. அவர் ஏன் இரவில் எழுதினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த மனோதத்துவத்திலும் இல்லை. செகாவ் மருத்துவர், பெசோவா வணிக நிறுவனங்களுக்கு வெளிநாட்டுக் கடிதம் எழுதித் தந்தவர். யார் சம்பாதித்தது, யார் படியெடுத்தது என்றும் பாருங்கள். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் கிறுக்கல் தாள்களைப் படித்துத் திருத்தமாகப் படி எடுத்தவர் அவருடைய மனைவி சோபியா டால்ஸ்டயா.

முதல் வாக்கியத்தில் மொழி, வடிவம், காலம், ஒரு படைப்பு நான்கும் வரட்டும். ‘ஒப்பற்ற’, ‘தலைசிறந்த’, ‘உலகப் புகழ்பெற்ற’ மூன்றையும் தேடி அழித்து அந்த இடத்தில் ஒரு தகவலை வையுங்கள். ‘வாழ்நாளில் புறக்கணிக்கப்பட்டவர்’ என்பதற்குப் பதில் ‘போர்ச்சுகீசிய மொழியில் வாழ்நாளில் வெளியிட்ட கவிதை நூல் ஒன்றே, அதுவும் இறப்பதற்கு முந்தைய ஆண்டு’ என்றால் பெசோவாவைப் பற்றி வாசகரே முடிவுக்கு வருவார். தொலைந்தவற்றையும் எண்ணில் சொல்லுங்கள்: சோபக்ளிஸ் எழுதியவை 120-க்கு மேல், முழுதாகக் கிடைத்தவை 7.

உயிரோடு இருப்பவர் என்றால் வீட்டு முகவரி, பிள்ளைகளின் பெயர், நோய் ஆகியவை வேண்டாம். முழுப் பிறந்த தேதி அவரே பொதுவில் சொல்லியிருந்தால் மட்டும். அவரிடம் சரிபார்க்கக் கொடுக்க வேண்டியது அட்டவணையை. உரைநடையைக் கொடுத்தால் தேதிகளை விட்டுவிட்டு அடைமொழிகளைத் திருத்தித் தருவார்.

அச்சுக்கு அனுப்பும் முன் குறிப்பை ஒருமுறை பின்னாலிருந்து படியுங்கள், எண்களை மட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் அட்டவணையில் ஒரு வரிசை இருக்கிறதா, வயது கழித்தலில் சரியாக வருகிறதா, ஒரே நாட்காட்டிதானா. பெயர்களுக்கும் இதே போல ஒரு சுற்று. அட்டவணையைச் சரிபார்த்த தேதி போட்டுச் சேமித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வாசகர் ‘புஷ்கின் இறந்தது ஜனவரி 29 இல்லை, பிப்ரவரி 10’ என்று எழுதுவார். நான்காவது பத்தியைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.